அருங்காட்சியகத்தில் ஒரு பீரங்கியைப் பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

போர் அருங்காட்சியகத்துக்குப் போகிற பலரும் பீரங்கியைச் சுற்றி ஒரு முறை நடந்து, பலகையில் உள்ள நாலு வரியை வாசித்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரும்பிலும் பித்தளையிலும் வாசிக்க எவ்வளவோ இருக்கிறது. பீரங்கி என்பது பல உறுப்புகள் சேர்ந்த பொருள். சுட்டுச் சுட்டுக் குழல் தேயும், புதிது மாட்டுவார்கள். சக்கரம் மாறும், வண்ணம் மாறும். ஆகவே ஒவ்வொரு உறுப்பின் முன்னும் நின்று "இது எந்தக் காலத்தது, ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பழகுங்கள்.

உதாரணத்துக்குப் பிரிட்டிஷ் இராணுவத்தின் மூன்று களப் பீரங்கிகளை எடுத்துக்கொள்வோம்: முதல் உலகப் போரின் 13 பவுண்டர், 18 பவுண்டர், இரண்டாம் உலகப் போரின் 25 பவுண்டர். பெயரில் உள்ள எண், குண்டின் எடையைப் பவுண்டில் குறிப்பது. லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தின் தொகுப்பை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம் என்பதால், நேரில் போக முடியாதவர்களும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம். 25 பவுண்டரை இந்திய இராணுவமும் 1965 போர் உட்படப் பல காலம் பயன்படுத்தியது. நம் நாட்டில் காட்சிக்கு நிற்கும் பழைய பீரங்கிகளிலும் அதைத் தேடிப் பாருங்கள்.

படி 1: தள்ளி நின்று சக்கரத்தைப் பாருங்கள்

மர ஆரக்கால், இரும்புப் பட்டை என்றால் குதிரை இழுத்த பீரங்கி. 18 பவுண்டரை ஆறு குதிரைகள் இழுத்தன. காற்றடைத்த ரப்பர் டயர் என்றால் மோட்டார் வண்டி இழுத்தது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. 1930களில் பழைய பீரங்கிகள் பலவற்றுக்கு மரச் சக்கரத்தைக் கழற்றி ரப்பர் டயர் மாட்டினார்கள். ஆகவே சக்கரத்தை வைத்துப் பீரங்கி பிறந்த காலத்தை முடிவு செய்யாதீர்கள். அது கடைசியாக வேலை செய்த காலத்தைத்தான் அது காட்டும்.

படி 2: குழலின் வாயைப் பாருங்கள்

உள்ளே மேடும் பள்ளமுமாக, சுருள் சுருளாக வரிகள் ஓடும். குண்டைச் சுழலவைத்து நேராகப் போகச் செய்வது இவைதான். உட்குறுக்களவைச் சொல்லும்போது எதிரெதிர் மேடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தைச் சொல்ல வேண்டும், பள்ளங்களுக்கு இடைப்பட்டதை அல்ல. 13 பவுண்டருக்கு இது 76.2 மி.மீ., 18 பவுண்டருக்கு 83.8 மி.மீ., 25 பவுண்டருக்கு 87.6 மி.மீ. 25 பவுண்டு என்றால் சுமார் 11.3 கிலோ.

25 பவுண்டர் குழலின் நுனியில் துளைகள் கொண்ட ஒரு தடித்த தலை இருக்கிறதா என்றும் பாருங்கள். வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிப் பின்னுதைப்பைக் குறைக்கும் உறுப்பு அது. ஆரம்பத்தில் வந்தவற்றில் இது கிடையாது. டாங்கிகளை நேருக்கு நேர் சுட, கூடுதல் வெடிமருந்து போட்டுச் சுட வேண்டி வந்தபோதுதான் சேர்த்தார்கள்.

படி 3: பின்னுதைப்பு எங்கே போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இங்கே நிதானமாக நில்லுங்கள்.

பழைய பீரங்கி சுட்டால், குழலைத் தாங்கும் வண்டியோடு பின்னால் துள்ளும். படையினர் அதைத் தள்ளி இடத்தில் வைத்து, மறுபடி குறிபார்த்த பிறகுதான் அடுத்த குண்டு. பிரெஞ்சுக்காரர்களின் 1897ஆம் ஆண்டு 75 மி.மீ. பீரங்கி இதை மாற்றியது. அதில் குழல் மட்டும் பின்னால் சறுக்கும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எண்ணெய் நிறைந்த உருளை அந்த வேகத்தை விழுங்கிக்கொள்ளும், அழுத்தப்பட்ட காற்று குழலைப் பழைய இடத்துக்குத் தள்ளும். நிமிடத்துக்கு 15 குண்டு சுட முடிந்தது. ஆட்கள் பக்கத்திலேயே இருக்கலாம் என்றானதால், அவர்களை மறைக்கக் கேடயத் தகடும் வந்தது. தகடு இருக்கும் பீரங்கியைப் பார்த்தால் இந்த மாற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் முன் நிற்பதில் அந்த உருளை எங்கே என்று தேடுங்கள். 13, 18 பவுண்டர்களில் குழலுக்கு மேலே தடித்த உறை ஒன்று இருக்கும். அதற்குள் எண்ணெயோடு, காற்றுக்குப் பதில் சுருள்வில். 1914இல் ஓயாமல் சுட்டதில் வில்கள் உடைந்தன, பிறகு காற்றழுத்த முறைக்கு மாறினார்கள். 25 பவுண்டரில் அந்த உருளை குழலுக்குக் கீழே இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மனியின் 10.5 செ.மீ. ஹோவிட்சரில் (குண்டை உயரமாக வளைத்து எறியும் பீரங்கி) மேலேயும் கீழேயும் இருக்கும்.

படி 4: தரையில் ஊன்றிய பின்தண்டைப் பாருங்கள்

18 பவுண்டரின் தொடக்கக்கால வகைகளில் நடுவில் ஒற்றைத் தண்டு. குழலை 16 பாகைக்கு மேல் உயர்த்தினால் பின்பகுதி அதில் இடிக்கும், அதனால் குண்டு சுமார் 6 கி.மீ. தூரமே போனது. 25 பவுண்டரில் தண்டு அகன்ற வளையமாக இருப்பதால் நடுவில் இடம் உண்டு. குழல் 40 பாகை உயரும், குண்டு 12 கி.மீ.க்கு மேல் போகும். பின்தண்டுக்குக் கீழே ஒரு வட்டத் தளமும் இருக்கும். அதை இறக்கி அதன்மேல் சக்கரங்களை ஏற்றிவிட்டால், பீரங்கியை எந்தப் பக்கமும் எளிதாகத் திருப்பலாம்.

படி 5: எழுத்துகளைத் தேடுங்கள்

குழலின் பின்வாய்ப் பகுதியில் வகை, எண், ஆண்டு, தயாரித்தவரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். வி.எஸ்.எம். என்றால் விக்கர்ஸ் நிறுவனம், ஈ.ஓ.சி. என்றால் எல்ஸ்விக். அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுச் சொத்து என்பதற்கான முத்திரை. அம்பைச் சுற்றி ஆங்கில சி எழுத்து இருந்தால் கனடாவுடையது.

அப்புறம் வண்டியிலும் இதேபோல் ஒரு தகடு தேடுங்கள். ஆண்டுகள் பொருந்தவில்லை என்றால் உடனே போலி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் 25 பவுண்டர் குழல்களைப் பழைய 18 பவுண்டர் வண்டிகளிலேயே ஏற்றினார்கள். 1940இல் பிரான்சிலிருந்து பின்வாங்கியபோது இப்படிப்பட்ட கலப்புப் பீரங்கிகள் ஏராளமாகக் கைவிடப்பட்டன.

படி 6: குண்டையும் உறையையும் பாருங்கள்

பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியை விட்டுவிடாதீர்கள். 18 பவுண்டரில் குண்டும், வெடிமருந்து வைத்த பித்தளை உறையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 25 பவுண்டரில் இரண்டும் தனித்தனி. முதலில் குண்டு, பிறகு உறை. உறைக்குள் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று மருந்துப் பைகள். பையைக் கூட்டிக் குறைத்தால் குண்டு போகும் தூரமும் மாறும். பெட்டியில் நெடுக்காக அறுத்துவைத்த உறை இருந்தால் இந்தப் பைகளைக் காணலாம்.

அறுத்த ஷ்ராப்னல் குண்டு (வெடித்து உருண்டைகளைச் சிதறடிக்கும் வகை) இருந்தால் உள்ளே ஈய உருண்டைகள் தெரியும். 18 பவுண்டர் குண்டில் சுமார் 370. போர் தொடங்கிய 1914இல் இந்தப் பீரங்கிக்குத் தரப்பட்டது இந்த வகை மட்டுமே. வெட்டவெளியில் நிற்கும் ஆட்களைக் கொல்லவே இதைச் செய்தார்கள். மண்ணுக்குள் பதுங்கியவர்களிடம் இது பலிக்கவில்லை. இதைப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்யும்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வயலிலோ கடற்கரையிலோ பழைய குண்டு கண்ணில் பட்டால் தொடாதீர்கள், விலகிப்போய்க் காவல்துறைக்குச் சொல்லுங்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நூறாண்டு கடந்த குண்டுகள் இன்றும் உயிரோடு கிடைக்கின்றன.

படி 7: ஆட்களைத் தேடுங்கள்

இம்பீரியல் வார் மியூசியத் தொகுப்பில் ஒரு 13 பவுண்டர் இருக்கிறது. 1914 செப்டம்பர் 1 காலை, பாரிசுக்கு வடகிழக்கே நேரி என்ற ஊரில், மூடுபனிக்குள்ளிருந்து ஜெர்மன் குதிரைப்படையின் தாக்குதல் பிரிட்டிஷ் குதிரைப் பீரங்கிப் படையான ராயல் ஹார்ஸ் ஆர்ட்டிலரியின் எல் பேட்டரி என்ற பிரிவின் மீது இறங்கியது. ஆறு பீரங்கிகளில் மூன்றைத்தான் எதிரிப் பக்கம் திருப்ப முடிந்தது, விரைவில் ஒன்றே மிஞ்சியது. அந்தப் பிரிவின் கேப்டன் பிராட்பரி குண்டு எடுக்கப் போனபோது படுகாயமுற்று இறந்தார். அதே பிரிவின் டொரெல், நெல்சன் இருவரும் குண்டு தீரும்வரை சுட்டார்கள். மூவருக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. அந்தப் பீரங்கிதான் இது.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஆட்கள் உட்காரும் சிறிய இருக்கையும், அந்த மெல்லிய கேடயத் தகடும் வேறு மாதிரி தெரியும். மற்றப் பீரங்கிகளிலும் தகட்டில் துளை, ஒட்டுப்போட்ட இடம், கைபட்டு மழுங்கிய பிடி ஆகியவற்றைத் தேடுங்கள். வண்ணத்தை மட்டும் அவசரப்பட்டு நம்ப வேண்டாம்; அருங்காட்சியகத்தின் பராமரிப்புப் பணியின்போது மறுபடி பூசியிருக்கலாம்.

படி 8: குறித்துக்கொண்டு கேளுங்கள்

தொடாதீர்கள், வியர்வையின் உப்பு பித்தளையை அரிக்கும். முன், பின், பக்கம், முத்திரைகள் என்று படம் எடுங்கள், அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு. பலகையில் உள்ள பதிவு எண்ணைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். காப்பாளருக்கு எழுதும்போது அந்த எண்ணைக் குறிப்பிட்டு, "குழலில் உள்ள ஆண்டும் வண்டியில் உள்ள ஆண்டும் ஏன் வேறுபடுகின்றன? இது எப்போது, எங்கிருந்து இங்கே வந்தது?" என்று கேளுங்கள். பொதுவாக "இதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று எழுதுவதைவிட, இப்படி உறுப்பைச் சுட்டிக் கேட்டால் கோப்பைத் திறந்து பதில் தேடுவது அவர்களுக்கும் எளிது.