டெக்சஸ் எண்ணெய் ஆலையில் வெடிவிபத்து: காயப்பட்டவருக்கு என்ன வழி?

ஹூஸ்டனுக்கு வந்து இறங்கியதும் நம்மவர்கள் விசாரிப்பது வீட்டு வாடகை, டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்கு எப்படிப் போவது என்பதைத்தான். பாசடீனா, டியர் பார்க், பேடவுன், டெக்சஸ் சிட்டி பக்கம் ரிஃபைனரியிலோ கெமிக்கல் பிளான்ட்டிலோ வேலை என்றால் இன்னொன்றையும் விசாரித்துவிடுங்கள். சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் எச்.ஆரிடம் முதல் வாரமே கேளுங்கள்: “நம் கம்பெனிக்கு ஒர்க்கர்ஸ் காம்ப் இருக்கிறதா?”

அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் இன்ஷூரன்ஸை முதலாளி கட்டாயம் எடுத்தாக வேண்டும். டெக்சஸில் தனியார் கம்பெனி விரும்பினால் எடுக்கலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம். எடுத்த கம்பெனியை சப்ஸ்கிரைபர் என்பார்கள், எடுக்காததை நான்-சப்ஸ்கிரைபர் என்பார்கள். எதுவானாலும் புதிதாகச் சேருகிறவருக்கு அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஆபீஸில் அறிவிப்பும் ஒட்ட வேண்டும். சேர்ந்த அன்று எச்.ஆர். நீட்டும் தாள் கட்டுக்குள் அதுவும் இருக்கும். யாரும் படிப்பதில்லை. விபத்து நடந்தபின் உங்களுக்கு எந்த வழி திறந்திருக்கும், எந்த வழி அடைந்திருக்கும் என்பதில் பாதி அந்தத் தாளிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் விபத்தைப் பற்றிய இந்தக் குறிப்பை, புதிதாக வந்தவர்களுக்கு எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் வழக்குக்கு வக்கீலைத்தான் கேட்க வேண்டும். வக்கீலிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருக்க இது உதவும்.

“நான் ஆபீஸ் வேலைதானே, எனக்கென்ன” என்று நினைப்பவர்கள் 2005 மார்ச் 23-ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். டெக்சஸ் சிட்டியில் அப்போது பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனி நடத்திய ரிஃபைனரியில், பராமரிப்பு முடிந்து ஐசோமரைசேஷன் யூனிட்டை (பெட்ரோலின் தரத்தைக் கூட்டும் பகுதி) திரும்ப ஓட்டத் தொடங்கினார்கள். ஒரு டவரில் அளவுக்கு மீறித் திரவம் ஏறியது. ரிலீஃப் வால்வுகள் திறந்தன. வெளியேறியதை எரித்துவிட ஃபிளேர் கிடையாது. வெளியேறுவதைப் பிடிக்க வைத்திருந்த பழைய காலத்து பிளோடவுன் டிரம்மின் புகைபோக்கி வழியாக அது நேரே வெளியில் பீய்ச்சியடித்தது. அந்த ஆவி மேகம் பற்றிக்கொண்டதில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். இறந்த 15 பேரும் காண்ட்ராக்டர் கம்பெனி ஆட்கள். அந்த யூனிட்டுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. வேறொரு யூனிட்டின் டர்ன்அரவுண்ட் (யூனிட்டை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வேலைக்கு வந்து, தற்காலிக ஆபீஸ் டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். அந்த பிளோடவுன் டிரம்முக்கும் அருகிலிருந்த டிரெய்லருக்கும் 121 அடிதான் தூரம்.

இந்த விபத்தில்தான் சட்டத்தின் முக்கியமான முடிச்சும் இருக்கிறது. இறந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு கம்பெனி, வெடித்த இடம் இன்னொரு கம்பெனியுடையது. அதனால் பி.பி.மேல் வழக்குப் போட முடிந்தது. சமரசத்துக்காக அந்தக் கம்பெனி நூறு கோடி டாலருக்கும் மேல் ஒதுக்க வேண்டியிருந்தது.

யார் சம்பளம், யார் இடம்

உங்கள் கம்பெனி சப்ஸ்கிரைபர் என்று வைத்துக்கொள்வோம். அடிபட்டால் தப்பு யாருடையது என்ற கேள்வியே எழாது. உங்கள் கவனக்குறைவே காரணமானாலும் வைத்தியச் செலவு கிடைக்கும். ஏழு நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால், இழந்த சராசரி வாரச் சம்பளத்தில் 70 சதவீதம் வரும். இதற்கு மாநிலம் ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது. இன்ஜினியர் சம்பளம் வாங்குகிறவர் 70 சதவீதம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், கைக்கு வருவது அதைவிடக் கணிசமாகக் குறையலாம். வலிக்கும் வேதனைக்கும் தனியாக எதுவும் கிடையாது. போதையில் இருந்ததாக நிரூபித்தால் மொத்தமும் போய்விடும். விபத்து நடந்ததும் பரிசோதனைக்கு அனுப்புவது இதனால்தான்.

இந்தப் பாதுகாப்புக்கு விலை, உங்கள் முதலாளிமேல் நீங்கள் வழக்குப் போட முடியாது என்பது. தொழிலாளி இறந்து, அதற்குக் கம்பெனியின் படுமோசமான அலட்சியம் காரணமாக இருந்தால் மட்டும், மனைவி அல்லது கணவரும் பிள்ளைகளும் தண்டனை நஷ்டஈடு கேட்டு வழக்காடலாம். எனக்கு இன்ஷூரன்ஸ் வேண்டாம், வழக்குப் போடும் உரிமைதான் வேண்டும் என்று வேலையில் சேர்ந்த ஐந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வழக்கு முடியும்வரை வாடகை யார் கட்டுவது?

தீக்காயத்துக்கு ஒரு விதி தனியாக உண்டு. உடலில் 40 சதவீதமோ அதற்கு மேலோ மூன்றாம் நிலைத் தீக்காயம் பட்டுத் தோல் ஒட்டும் சிகிச்சை தேவைப்பட்டாலும், இரண்டு கைகளின் பெரும்பகுதியோ, ஒரு கை மற்றும் முகத்தின் பெரும்பகுதியோ அப்படி வெந்துபோனாலும், வாழ்நாள் முழுவதும் வருமான இழப்பீடு பெறத் தகுதி உண்டு. இன்ஷூரன்ஸ்காரர் தாமாக முன்வந்து இதைச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

கம்பெனி நான்-சப்ஸ்கிரைபர் என்றால் கதையே வேறு. அலட்சியத்துக்காக முதலாளிமேல் நேரடியாக வழக்குப் போடலாம். “அவனும்தான் கவனமாக இல்லை”, “ஆபத்து தெரிந்துதானே வந்தான்”, “கூட வேலை செய்தவன் செய்த தப்பு” என்ற வாதங்களை எல்லாம் சட்டம் அந்த முதலாளியிடமிருந்து பறித்துவிடுகிறது. ஆனாலும் அலட்சியம் இருந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிறையக் கம்பெனிகள் சேரும்போதே ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுகின்றன. அதில் கையெழுத்திட்டிருந்தால் ஜூரி முன்னால் போக முடியாது, தனியார் நடுவர்தான். சேர்ந்த அன்று கொடுத்த தாள்களை எல்லாம் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

அடிபட்டபின் “எந்த வழக்கும் போட மாட்டேன்” என்று எழுதி வாங்கும் வேலையும் நடக்கும். நான்-சப்ஸ்கிரைபர் கம்பெனி அப்படி வாங்குவதற்கு டெக்சஸ் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. காயத்தை முதலில் தெரிவித்த நாளிலிருந்து பத்தாவது வேலை நாள் வருவதற்குள் வாங்கினால் செல்லாது. எமர்ஜென்சி டாக்டர் அல்லாத ஒரு டாக்டர், நீங்கள் கையெழுத்திடும் முன் உங்களைப் பரிசோதித்திருக்கவும் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது பேனாவை நீட்டுகிறவரிடம் “படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்றால் போதும். சண்டை வேண்டாம்.

இனி மூன்றாம் தரப்பு. பிளான்ட் உரிமையாளர், பக்கத்தில் வேலை செய்த வேறு காண்ட்ராக்டர், பழுதான வால்வையோ கேஸ் டிடெக்டரையோ செய்த கம்பெனி ஆகிய இவர்கள்மேல், நீங்கள் ஒர்க்கர்ஸ் காம்ப் வாங்கியிருந்தாலும் வழக்குப் போடலாம். ஜெயித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தான் கொடுத்ததை முதலில் கழித்துக்கொள்ளும். பெரிய தொகைகள் வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ஆனால் இதிலும் முள் உண்டு. காண்ட்ராக்டரின் ஆள் கட்டுமான, பழுதுபார்ப்பு வேலையில் அடிபட்டால், பிளான்ட் உரிமையாளர் அந்த வேலையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார், ஆபத்து அவருக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது என்ற இரண்டையும் நிரூபிக்க வேண்டும் என்கிறது டெக்சஸ் சட்டம். இன்னொன்று, எண்டர்ஜி என்ற மின்சாரக் கம்பெனியின் வழக்கில் 2009-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிளான்ட் உரிமையாளரே ஜெனரல் காண்ட்ராக்டர் இடத்தில் இருந்து, காண்ட்ராக்டர் ஆட்களுக்கும் சேர்த்து ஒர்க்கர்ஸ் காம்ப் ஏற்பாடு செய்திருந்தால், அவரும் சட்டப்படி உங்கள் முதலாளி போலத்தான். அவர்மேல் வழக்கு நிற்காது. பெரிய பிளான்ட்டுகளில் இப்படி ஒட்டுமொத்த இன்ஷூரன்ஸ் எடுப்பது சாதாரணம். ஆகவே எச்.ஆரிடம் கேட்க இரண்டாவது கேள்வி: “இந்த சைட்டில் இன்ஷூரன்ஸ் யாருடையது?”

கெடுக்கள்

தேதிகளில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். காயத்தை முதலாளிக்குத் தெரிவிக்க 30 நாள். மாநிலத்தின் ஒர்க்கர்ஸ் காம்ப் பிரிவில் 041-ஆம் எண் படிவத்தைப் போட ஒரு வருடம். மூன்றாம் தரப்பு மீதோ நான்-சப்ஸ்கிரைபர் முதலாளி மீதோ வழக்குத் தொடுக்கப் பொதுவாக இரண்டு வருடம். சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு விடாமல், ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள்.

வெடிப்பில் தீக்காயமே இல்லாமல் தப்பித்தவர்களும் தெரிவிக்க வேண்டும். அதிர்வலையால் வரும் காது இரைச்சல், தலைச்சுற்றல், மறதி எல்லாம் சில நாள் கழித்தும் தலைகாட்டும். டாக்டரிடம் முதல் நாளே “வேலையிடத்து வெடிப்பில் வந்தது” என்று சொல்லி, அது குறிப்பில் ஏறியதா என்றும் பாருங்கள். வழக்கமான ஹெல்த் இன்ஷூரன்ஸ் வேலையிடத்துக் காயத்துக்குப் பணம் தர மறுப்பது சகஜம். எமர்ஜென்சி என்றால் பணம், விசா எதையும் பார்க்காமல் நிலைமையைச் சீராக்க வேண்டும் என்பது 1986 முதல் மத்திய அரசுச் சட்டம். ஹூஸ்டன் மெமோரியல் ஹெர்மனிலும் கால்வெஸ்டன் யு.டி.எம்.பி.யிலும் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். செலவு ஆஸ்பத்திரியுடையது, தமிழுக்குப் போனில் ஏற்பாடு செய்யலாம். நண்பரை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

பிளான்ட்டுக்குள் போனில் படம் எடுப்பது பெரும்பாலும் தடை. எனவே நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள்: எந்த யூனிட், எந்த நேரம், ஹாட் ஒர்க் பெர்மிட் (வெல்டிங் போன்ற தீப்பொறி வேலைக்கான அனுமதி) யார் கொடுத்தது, அலாரம் அடித்ததா, பக்கத்தில் யார் இருந்தார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் எழுதாதீர்கள். அது பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கையில் இருக்கும். எதிர்த்தரப்பின் இன்ஷூரன்ஸ்காரர் போனில் பதிவு செய்து வாக்குமூலம் கேட்டால், வக்கீலைப் பார்க்கும்வரை கொடுக்கத் தேவையில்லை.

வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான ஓஷா விசாரிக்கும், அபராதம் போடும். உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. இன்னொரு மத்திய அரசு அமைப்பான கெமிக்கல் சேஃப்டி போர்டு அபராதம்கூடப் போடாது, காரணத்தை மட்டும் ஆராய்ந்து அறிக்கை தரும். பாதுகாப்புப் பற்றிப் புகார் சொன்னதற்காகப் பழிவாங்கினால் ஓஷாவிடம் முறையிட 30 நாள்தான் அவகாசம். ஒர்க்கர்ஸ் காம்ப் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற டெக்சஸ் சட்டமோ, சப்ஸ்கிரைபர் கம்பெனிகளை மட்டுமே கட்டுப்படுத்தும்.

வளைகுடாக் கடலில் வேலை என்றால் மேலே சொன்ன மாநிலச் சட்டம் பெரும்பாலும் பொருந்தாது. மிதக்கும் ரிக் (எண்ணெய்க்காகத் துளையிடும் மேடை), சட்டத்தின் கண்ணில் கப்பல். வேலை நேரத்தில் ஏறக்குறைய 30 சதவீதமாவது அதில் கழித்தால் நீங்கள் மாலுமி. ஜோன்ஸ் சட்டப்படி முதலாளி மேலேயே மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். 2010 ஏப்ரல் 20-இல் 11 பேர் இறந்த டீப்வாட்டர் ஹொரைசன் அப்படிப்பட்ட ரிக்தான். கடலடியில் நிலையாக ஊன்றிய பிளாட்ஃபார்ம் என்றால் லாங்ஷோர் சட்டம் என்ற மத்திய அரசு இழப்பீட்டுத் திட்டம். இதற்குக் கடல்சார் வழக்குகள் நடத்தும் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

விசா பயம்

எச்-1பி விசாக்காரர் கேஸ் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் எத்தனையோ பேர் வாய் திறப்பதில்லை. இழப்பீட்டு உரிமை, வெளிநாட்டவருக்கும் வெளிநாட்டில் இருக்கும் வாரிசுக்கும் உண்டு என்று டெக்சஸ் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மருத்துவ விடுப்பில் இருந்தாலும் வேலை உறவு தொடர்கிறவரை விசா நிலை போய்விடாது. வேலையிலிருந்து நீக்கினால் பொதுவாக 60 நாள் வரை அவகாசம், அதற்குள் குடிவரவு வக்கீலைப் பார்க்க வேண்டும். ஊருக்கே திரும்ப நேர்ந்தாலும் இங்கே வழக்கு தொடரலாம்.

கத்ரீனா புயலுக்குப்பின் எண்ணெய் ரிக்குகளைப் பழுதுபார்க்க எச்-2பி என்ற தற்காலிக வேலை விசாவில் சிக்னல் இன்டர்நேஷனல் கம்பெனிக்கு வந்த இந்திய வெல்டர்கள், பைப்ஃபிட்டர்கள் விஷயத்தைப் பாருங்கள். அது காய வழக்கு அல்ல, கிரீன் கார்டு கிடைக்கும் என்று ஏமாற்றிக் கொண்டுவந்து நெரிசலான முகாமில் வைத்த வழக்கு. ஆனால் விசாவுக்குப் பயப்படாமல் நீதிமன்றம் போனார்கள். 2015-இல் நியூ ஆர்லியன்ஸ் ஜூரி ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் தீர்ப்பளித்தது.

வக்கீலுக்கு முன்பணம் தேவையில்லை. கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரை எடுப்பார்கள், ஒர்க்கர்ஸ் காம்ப்பில் 25 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ தேடிவந்து கேஸ் பிடிப்பது டெக்சஸில் குற்றம். அப்படி வருகிறவர் தமிழ் பேசினாலும் குற்றம்தான். காம்ப் தகராறுக்கு மட்டும் உதவி போதும் என்றால், காயமடைந்த தொழிலாளர்களுக்கென்றே மாநில அரசு நடத்தும் அலுவலகத்தில் ஆம்பட்ஸ்மன் என்ற உதவி அலுவலர் இலவசமாகத் துணை வருவார்.

கடைசியாக, சொல்லக் கசப்பானது. தொழிலாளி இறந்தால், மூன்றாம் தரப்பு மீதோ நான்-சப்ஸ்கிரைபர் முதலாளி மீதோ டெக்சஸில் வழக்குப் போட உரிமை உள்ளவர்கள் துணைவர், பிள்ளைகள், பெற்றோர் மட்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்கு இல்லை. அவர் படிக்கவைத்த தங்கையாக இருந்தாலும் இல்லை. ஒர்க்கர்ஸ் காம்ப்பில் குடும்பத்துக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் 75 சதவீதம், அதே உச்சவரம்போடு. இதையும் ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். மனைவி என்பதற்குக் கல்யாணப் பத்திரிகையும் ஆல்பமும் போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி பதிவு செய்த திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு தயாராக வைத்திருங்கள். கூடவே சேர்ந்த அன்று வாங்கிய தாள்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர், பிளான்ட் பேட்ஜின் இரு பக்கப் படம் இவற்றையும் ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பேட்ஜில் ஒரு கம்பெனியும் சம்பளச் சீட்டில் வேறு கம்பெனியும் இருந்தால், அதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.