ரங்கூன், மலேயா போய்ப் பட்டாளத்தில் சேர்ந்த முன்னோரைத் தேடும் வழி

“தாத்தா ரங்கூன்ல பட்டாளத்துல இருந்தாவ.” திருநெல்வேலிச் சீமையில் பல வீடுகளில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வரிதான். தேட ஆரம்பிக்கும் பேரப்பிள்ளைகள் உடனே இணையத்தில் பெயரைத் தட்டுகிறார்கள், ஒன்றும் வராது, அதோடு விட்டுவிடுகிறார்கள். பெயரை வைத்துத் தேடுவது பிந்திய வேலை. அவர் எந்தப் படை என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் இந்திய ராணுவமா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமா, பர்மா, மலேயாவில் இருந்த உள்ளூர்த் தொண்டர் படையா, இல்லை சுமை தூக்க, பாதை போடப் படையோடு போன தொழிலாளர் படையா? ஒவ்வொன்றின் ஆவணமும் ஒவ்வொரு ஊரில் இருக்கிறது. ஒன்றின் ஆவணம் இன்னொன்றில் இருக்காது.

விடை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும். டிரங்குப் பெட்டி, பரண், பூஜை அலமாரி, பழைய பத்திரக் கட்டு ஆகியவற்றை முதலில் பாருங்கள். பதக்கம் கிடைத்தால் பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் வட்டத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் பொறித்திருக்கும். அவற்றில் ‘பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்’ என்பது வெள்ளிக்குப் பதில் வெண்கலத்தில் இருந்தால் அவர் துப்பாக்கி பிடித்தவர் அல்லர், தொழிலாளர் படையில் இருந்தவர் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களை பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயரில்லாமல்தான் கொடுத்தார்கள். இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பின்பக்கம் பெயரும் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். பர்மா நட்சத்திரம் என்றால் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரையிலான பர்மாப் போர்முனை. பசிபிக் நட்சத்திரம் என்றால் மலேயா, சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம் ஜப்பானியரிடம் மாட்டிய படையில் இருந்திருக்கலாம். அப்படிச் சிறைப்பட்டவர்களில் பலர் பின்னால் தேசிய ராணுவத்துக்குப் போனார்கள் என்பதால் இரண்டு பக்கமும் தேட வேண்டியிருக்கும். இந்திய சுதந்திரப் பதக்கம் இருந்தால் 1947 ஆகஸ்டிலும் அவர் பணியில் இருந்தார்.

டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, மணியார்டர் துண்டு, சென்சார் முத்திரை குத்திய கடிதம் எல்லாமே சாட்சிதான். கடித உறையில் எஃப்பிஓ என்று போட்டு ஓர் எண் இருந்தால் அதுதான் களத் தபால் நிலைய எண். அதையும் தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் எந்தப் பக்கம் இருந்தார் என்பதற்கு அது துப்பு. சீருடைப் போட்டோ இருந்தால் தொப்பியிலும் தோள்பட்டையிலும் உள்ள சின்னத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் பெரிதாக்கிப் படம் எடுங்கள்.

நிலப் பத்திரங்களை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் அவற்றில் விஷயம் இருக்கிறது. “தற்சமயம் ரங்கூனில் இருக்கும் இன்னாருக்காக அவர் தம்பி” என்று எழுதிய கிரயமோ பவர் பத்திரமோ, அவர் ஊரில் இல்லாத காலத்தைத் தேதியோடு சொல்லிவிடும். இவ்வளவு பழைய பத்திரம் இணைய வில்லங்கத்தில் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போட்டுக் கையால் புரட்டச் சொல்ல வேண்டும். சர்வே எண்ணும் பழைய கிராமப் பெயரும் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழைய நோட்டுகளில் ஆண்டு கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டுங்கள். கொல்லம் 1118 என்றால் 1942–43. ஜாதக நோட்டில் சித்திரபானு என்று இருந்தாலும் அதே ஆண்டுதான், சுபானு 1943–44, தாரண 1944–45, பார்த்திப 1945–46.

அடுத்தது ஊரும் பெயரும். ராணுவ ஆவணத்தில் மாவட்டம் அன்றைய எல்லைப்படிதான் இருக்கும். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலிக்குள், தென்காசி 2019 வரை. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கம் 1910-இல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போனது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி). செங்கோட்டைக்காரரைச் சென்னை மாகாண ஆவணத்தில் மட்டும் தேடினால் காணாமல் போகலாம், திருவனந்தபுரத்தில் உள்ள கேரள ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஜில்லா ‘டின்னவெல்லி’, துறைமுகம் ‘டூட்டிகொரின்’, தலைநகர் ‘பாளம்கோட்டா’. இன்றைய எழுத்தில் தேடினால் எதுவும் சிக்காது.

பெயரில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஆங்கிலத்தில் இசக்கிமுத்து ‘ஈ’ எழுத்திலும் தொடங்கும், ‘ஐ’ எழுத்திலும் தொடங்கும். முத்துவில் ‘டிஎச்’ ஒரு இடத்தில், இரட்டை ‘டி’ இன்னொரு இடத்தில், ‘யூ’ இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை ‘ஓ’. சுடலை, பலவேசம், முப்பிடாதி போன்ற பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஆறேழு வடிவங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். தகப்பனார் பெயருக்கும் இதே பட்டியல் வேண்டும்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல் இலவசம். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் இறந்தவர்கள் அதில் உண்டு. நம்மவர்களின் ஒற்றைப் பெயர் பெரும்பாலும் குடும்பப் பெயர் கட்டத்தில்தான் ஏற்றப்பட்டிருக்கும், முதற்பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். இந்தியப் படை என்று வடிகட்டி, கூடுதல் தகவல் கட்டத்தில் ஜில்லாவின் பழைய பெயரையோ ஊர்ப் பெயரையோ போடுங்கள். தகப்பனார், மனைவி, ஊர் எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் இருக்கும், இருந்தால். ரங்கூன் நினைவுச்சின்னம் என்றோ சிங்கப்பூர் நினைவுச்சின்னம் என்றோ வந்தால் தனிக் கல்லறை இல்லை, பெயர் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ரங்கூன் நினைவுச்சின்னம் இருப்பது நகருக்கு வடக்கே தௌக்யான் போர்க் கல்லறையில்.

உயிரோடு திரும்பியவரின் தாள்கள் அவர் இருந்த பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை), பயனியர் (தொழிலாளர் படை), ஆர்மி சர்வீஸ் கோர் (விநியோகப் பிரிவு) என்றால் பெங்களூரு. ஆர்ட்னன்ஸ் (தளவாடப் பிரிவு), இஎம்இ (மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு) செகந்திராபாத், சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) ஜபல்பூர், மருத்துவப் பிரிவு லக்னோ. ராணுவ எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் பெயர், தகப்பனார், கிராமம், பழைய தாலுகா, சேர்ந்த ஆண்டு சுமாராக, இவற்றைத் தெளிவாகத் தட்டச்சு செய்து, வாரிசுச் சான்றின் நகலோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு தகவல் உரிமை மனு. உறவுச் சான்று இல்லாத மனுவை மூன்றாம் நபர் தகவல் என்று சொல்லி மறுப்பது வழக்கம். போர்க்காலத்தில் மட்டும் சேர்ந்து பென்ஷன் இல்லாமல் வெளியேறியவர்களின் தனிக் கோப்பு அழிக்கப்பட்டிருக்கலாம். அதனால் “சர்வீஸ் ரெக்கார்ட்” என்று மட்டும் கேட்காமல் “லாங் ரோல் பதிவின் நகல்” என்றும் சேர்த்துக் கேளுங்கள். லாங் ரோல் என்பது பிரிவில் சேர்ந்தவர்களை வரிசையாக எழுதிய பேரேடு. ஆளுக்கு ஒரே வரிதான் இருக்கும் என்றாலும் சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் அதில் கிடைக்கும். பாளையங்கோட்டைப் பக்கம் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதத்தைக் காட்டிவிட்டு அனுப்பினால் முகவரி தவறாது.

லண்டனில் தேடச் சொல்வார்கள். சிப்பாயின் தனிக் கோப்புக்கு அங்கே போய்ப் பயனில்லை. படைப்பிரிவு உறுதியான பிறகு அதன் போர் நாட்குறிப்பைப் பார்க்க மட்டும் அங்கே கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் உதவும். கேட்க வேண்டிய கோப்பு வரிசை முதல் போருக்கு டபிள்யூஓ 95, இரண்டாம் போரின் தென்கிழக்கு ஆசியக் களத்துக்கு டபிள்யூஓ 172.

இந்திய தேசிய ராணுவம் வேறு வழி. மலேயாத் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் 1943-க்குப் பிறகு சேர்ந்த தமிழர்களுக்குப் பிரிட்டிஷ் ராணுவ எண்ணே கிடையாது, போர்க் கல்லறைப் பட்டியலிலும் அவர்கள் வரமாட்டார்கள். பின்வாங்கும்போது பல தாள்கள் அழிக்கப்பட்டன. மிஞ்சியதில் முக்கியமானது புதுடெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில்: பாதுகாப்பு அமைச்சகம் 1997-இல் அங்கே ஒப்படைத்த 990 கோப்புகள். அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, ஆள் பெயரைவிட ரெஜிமென்ட் பெயர், முகாம் பெயர் போட்டுத் தேடுங்கள். வங்காளத்தில் இருந்த நீல்கஞ்ச், ஜிகர்கச்சா முகாம்களில் பிடிபட்டவர்களை வைத்து பிரிட்டிஷார் விசாரித்தார்கள்.

ஆனால் நமக்கு அதைவிடக் கைக்கெட்டியது தியாகி பென்ஷன் கோப்பு. 1972-இல் மத்திய அரசின் திட்டம் வந்தது. அதற்கு ஆறு மாதச் சிறைவாசம் காட்ட வேண்டும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். சிறை ஆவணம் கிடைக்காதவர்கள் உடன் சிறையிருந்தவரிடம் சான்று வாங்கி வைத்தார்கள். ஆகவே உங்கள் தாத்தா விண்ணப்பிக்காவிட்டாலும், அவரோடு போன பக்கத்து ஊர்க்காரர் கோப்பில் அவர் பெயர் இருக்கலாம். கலெக்டர் அலுவலகத்தில் கேட்கும்போது உங்கள் தாத்தா பெயரோடு அந்த நண்பர்கள் பெயரையும் கொடுங்கள்.

அந்த நண்பர்கள் யார் என்று தெரிந்துகொள்ளப் பங்குனி உத்திரத்தைவிட நல்ல நாள் இல்லை. சாஸ்தா கோவிலுக்கு எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். போட்டோ நகல்களை எடுத்துப் போய் எண்பது தாண்டியவர்களிடம் காட்டுங்கள். பழைய கோவில் வரி நோட்டில் ‘ரங்கூன் இன்னார்’ என்று வரவு இருக்கும், அந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் நாசரேத், மெஞ்ஞானபுரம், வடக்கன்குளம் போன்ற பழைய சேகரங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இதைவிடத் துல்லியம். ராணுவத் தாளில் வயது தோராயமாகத்தான் எழுதப்பட்டிருக்கும், ஐந்து வருடம் முன்பின் வந்தால் அதை வைத்து ஆள் வேறு என்று முடிவு கட்டாதீர்கள்.

போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர் என்று தெரியவந்தால் ராணுவ ஆவணங்களை விட்டுவிடுங்கள். ஆசியத் தொழிலாளர்களுக்குப் போர்க் கல்லறைப் பட்டியல் இல்லை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தோட்டத்தின் பெயரைப் போட்டுப் பார்ப்பதே அங்கு முதல் படி.

நம் ஊரில் தாத்தா பெயர் பேரனுக்கு வரும், ஒரே தெருவில் நான்கு சுடலைமுத்து இருப்பார்கள். பெயர், தகப்பனார், கிராமம், ஆண்டு, படைப்பிரிவு ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்தும்வரை, கிடைத்த தாளின் மேல் ‘உறுதியில்லை’ என்று பென்சிலில் எழுதியே கோப்பில் வையுங்கள்.