ப்ரௌசரை மூடின அப்புறமும் அது பின்னாடி ஓடிட்டே இருக்கா? இப்படி பண்ணிப் பாருங்க

எங்க சித்தி ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க, ஆன்லைன் அப்ளிகேஷனும் போட்டுக் கொடுப்பாங்க. கடையில இருக்கிறது 4 ஜிபி ராம் போட்ட பழைய கம்ப்யூட்டர். ஒரு நாள் போன் பண்ணி, "ப்ரௌசரை மூடிட்டு திரும்ப ஐகானை அமுக்கினா ஒண்ணுமே வர மாட்டேங்குதுப்பா, ஃபேன் மட்டும் கத்திட்டே இருக்கு, ஆளுங்க வேற நிக்கிறாங்க"ன்னாங்க. அவங்க அதுக்கு என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னா, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்றது, அதுவும் ஒரே நாள்ல நாலஞ்சு தடவை. தயவு செஞ்சு அதை மட்டும் யாரும் பண்ணாதீங்க, ப்ரௌசர் எதையாவது சேவ் பண்ணிட்டு இருக்கும்போது பாதியில நின்னுட்டா புக்மார்க், பாஸ்வேர்டு இருக்கிற ஃபைலே கெட்டுப்போக வாய்ப்பிருக்கு. அன்னைக்கு சித்திக்கு போன்லயே சொன்னதை இங்க வரிசையா எழுதுறேன்.

ஸ்டெப் 1: நிஜமாவே ஓடுதான்னு பாருங்க

மூடினதும் ஒரு நிமிஷம் சும்மா விடுங்க. நம்ம கண்ணுக்கு விண்டோ உடனே மறைஞ்சிடும், ஆனா உள்ள ஹிஸ்டரி, குக்கீ, திறந்திருந்த டேப் விவரம் எல்லாத்தையும் டிஸ்க்ல எழுதி முடிச்சுட்டுதான் ப்ரோக்ராம் வெளியே போகும், பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா அதுக்கு நேரம் எடுக்கும். மூடும்போதே ஹிஸ்டரியை அழிக்கச் சொல்லி செட்டிங் போட்டிருந்தீங்கன்னா இன்னும் கொஞ்சம் லேட் ஆகும்.

அப்புறம் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10ல சின்னப் பெட்டியா வந்தா கீழ 'மோர் டீடெயில்ஸ்' அமுக்கிக்கோங்க. அதுல 'ப்ராசஸஸ்'ங்கிற பக்கத்துல, அதாவது இப்ப ஓடிட்டு இருக்கிறதோட லிஸ்ட்ல, உங்க ப்ரௌசர் பேர் இருக்கான்னு தேடுங்க. இல்லைன்னா பிரச்சனை வேற எங்கயோ இருக்கு, இருந்தா மேல படிங்க.

இதுல ஒரு விஷயம். ப்ரௌசர் திறந்திருக்கும்போது அதே பேர்ல பத்து பதினஞ்சு வரி தெரியும், அதைப் பார்த்து வைரஸ்னு பயந்து கூப்பிட்டவங்க நிறைய பேர். அது வைரஸ் இல்லைங்க. டேப், எக்ஸ்டென்ஷன் (ப்ரௌசர்ல கூடுதலா போட்டுக்கிற குட்டி ப்ரோக்ராம்), படம் காட்டுற வேலை எல்லாம் தனித்தனி ப்ராசஸா ஓடும், ஒண்ணு செத்தாலும் மத்தது நிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. குரோம் 2008ல வந்தப்பவே இப்படித்தான். எல்லா விண்டோவையும் மூடின பிறகும் அந்த வரிங்க இருக்கான்னுதான் நாம பார்க்கணும்.

ஸ்டெப் 2: செட்டிங்கே அப்படி இருக்கலாம்

குரோம், எட்ஜ் ரெண்டுலயும் மூடினாலும் பின்னாடி ஓடுறதுக்குன்னே ஒரு செட்டிங் இருக்கு, பலருக்கு இது தெரியாது. குரோம்ல மேல வலது மூலையில மூணு புள்ளி, செட்டிங்ஸ், சிஸ்டம். அங்க குரோமை மூடின பிறகும் பேக்கிரவுண்ட் ஆப்ஸ் ஓடட்டும்னு இருக்கிற பட்டனை ஆஃப் பண்ணுங்க. எட்ஜ்ல செட்டிங்ஸ் உள்ள சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் போனா அதே மாதிரி ஒண்ணு இருக்கும், கூடவே 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்'னு இன்னொண்ணும் இருக்கும், ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. இதனால முதல் தடவை திறக்கிறப்போ துளி லேட் ஆகும், மூடி வச்சிருக்கும்போது சைட்ல இருந்து வர்ற நோட்டிஃபிகேஷன் வராது. ராம் கம்மியா இருக்கிற மெஷினுக்கு இதை ஆஃப் பண்றதுதான் நல்லது.

கம்ப்யூட்டரை ஆன் பண்ணதுமே ப்ரௌசர் தானா வந்து நிக்குதுன்னா விண்டோஸ் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ், சைன்இன் ஆப்ஷன்ஸ் போய் ஆப்ஸை ரீஸ்டார்ட் பண்ற பட்டனையும் பார்த்துடுங்க.

மேக் வச்சிருக்கவங்களுக்கு: சிவப்புப் பட்டன் விண்டோவை மட்டும்தான் மூடும், கமாண்டும் க்யூவும் சேர்த்து அமுக்கினாதான் ப்ரோக்ராம் போகும். டாக்ல ஐகானுக்குக் கீழ சின்னப் புள்ளி இருந்தா இன்னும் ஓடுதுன்னு அர்த்தம்.

ஸ்டெப் 3: மாட்டிக்கிட்டதை நிறுத்துறது

டாஸ்க் மேனேஜர்ல ப்ரௌசர் பேரை ரைட் க்ளிக் பண்ணி 'எண்ட் டாஸ்க்' கொடுங்க. பேருக்கு முன்னாடி அம்புக்குறி இருந்தா உள்ள இருக்கிற ஒவ்வொண்ணா நிறுத்தாதீங்க, மேல இருக்கிற மொத்த வரியையும் நிறுத்துங்க. மேக்ல ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப் சேர்த்து அமுக்கினா இதே வேலை நடக்கும்.

ஃபயர்பாக்ஸ்ல இது மெசேஜாவே வரும், ஃபயர்பாக்ஸ் ஏற்கனவே ஓடிட்டு இருக்கு ஆனா பதில் தரலன்னு. உங்க புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் இருக்கிற ஃபோல்டருக்கு ப்ரொஃபைல்னு பேர், ஒரு ப்ரொஃபைலை ஒரு நேரத்துல ஒரு ஃபயர்பாக்ஸ்தான் திறக்க முடியும், அதுக்கு உள்ள பூட்டு மாதிரி ஒரு ஃபைல் இருக்கு. பழசு சாகாம சாவியைக் கையில வச்சிட்டு உட்கார்ந்திருக்கு, அதான் புதுசு உள்ள போக முடியல. பழசை எண்ட் டாஸ்க் பண்ணிட்டா சரியாயிடும், அப்பவும் விடலன்னா ஸ்டார்ட் மெனுல இருந்து முறையா ரீஸ்டார்ட் பண்ணுங்க.

ஸ்டெப் 4: ஏன் மாட்டுதுன்னு கண்டுபிடிக்கிறது

தினமும் எண்ட் டாஸ்க் பண்ணிட்டே இருக்க முடியாதுல்ல. முதல்ல ப்ரௌசரை அப்டேட் பண்ணுங்க. அப்புறம் என் அனுபவத்துல அதிகமா மாட்டுறது எக்ஸ்டென்ஷன்தான். ஃபயர்பாக்ஸ்ல ஹெல்ப் மெனு உள்ள 'ட்ரபிள்ஷூட் மோட்' இருக்கு, அதுல திறந்தா எக்ஸ்டென்ஷன், தீம் எல்லாம் இல்லாம ஓடும். கொஞ்ச நேரம் யூஸ் பண்ணி மூடிப் பாருங்க, சுத்தமா மூடிச்சுன்னா கை வைக்க வேண்டியது எக்ஸ்டென்ஷன்லதான். குரோம், எட்ஜ்ல எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிப் பாருங்க.

ஒவ்வொண்ணா சோதிக்காதீங்க, பாதி பாதியா பண்ணுங்க. சித்தி மெஷின்ல எட்டு எக்ஸ்டென்ஷன் இருந்துச்சு, கடைக்கு வந்தவங்க போட்டுவிட்டதுதான் பாதி. முதல்ல நாலை மட்டும் ஆன் பண்ணி மூடச் சொன்னேன், டாஸ்க் மேனேஜர்ல பேர் உடனே மறைஞ்சிடுச்சு. அப்ப மிச்ச நாலுலதான் இருக்குன்னு அதுல ரெண்டை மட்டும் ஆன் பண்ணோம், மாட்டிக்கிச்சு. அந்த ரெண்டுல ஒண்ணை ஆஃப் பண்ணோம், தெரிஞ்சிடுச்சு: பிடிஎஃப் மாத்தித் தர்றதா சொல்லி எவரோ போட்ட ஒண்ணு. மூணே தடவை மூடித் திறந்ததுல ஆள் சிக்கிடுச்சு. அதை ரிமூவ் பண்ண அப்புறம் மூடினா அஞ்சாறு செகண்ட்ல போயிடுது.

எக்ஸ்டென்ஷன் எதுவும் காரணம் இல்லைன்னா, ஃபயர்பாக்ஸ்ல அதே ஹெல்ப் மெனுல 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து 'ரெஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' கொடுங்க. புக்மார்க், பாஸ்வேர்டு, ஹிஸ்டரி போகாது, எக்ஸ்டென்ஷனும் நீங்க மாத்தின செட்டிங்கும்தான் போகும். டெஸ்க்டாப்ல 'ஓல்ட் ஃபயர்பாக்ஸ் டேட்டா'ன்னு ஒரு ஃபோல்டர் வந்து உட்காரும், ஏதோ குப்பைன்னு உடனே டெலீட் பண்ணிடாதீங்க, ஒரு வாரம் யூஸ் பண்ணிப் பார்த்து எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு தூக்கிப் போடுங்க.