பேர்சியன் பூனை வளர்க்கப் போறீங்களா? நம்ம மட்டக்களப்பு வெக்கைக்கு இதுகளத் தெரிஞ்சு வச்சிக்கோங்க

இப்ப கல்லடி, காத்தான்குடி, கல்முனை எண்டு எங்கயும் பேர்சியன் குட்டி வாங்கலாம், படத்தப் பாத்தவுடன பிள்ளைகளும் வேணும் வேணும் எண்டு நிக்கும். வாங்கிறது லேசு. ஆனா அந்த நீட்டு முடியும் சப்பை மூஞ்சியும் மனுசர் தெரிஞ்செடுத்து இனம் பெருக்கி வந்தது, அதால அதப் பாக்கிறதும் மனுசர்ட வேலைதான், நாட்டுப் பூனை நக்கி நக்கித் தன்னச் சுத்தம் பண்ற மாதிரி இதுக்கு முழுசாச் செய்ய ஏலாது. ஒவ்வொரு நாளும் ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்க ஏலுமெண்டா மட்டும் எடுங்க, 10-15 வருசம் உங்களோட இருக்கப் போற சீவன் அது.

விக்கிறவங்க பன்ச் ஃபேஸ், டோல் ஃபேஸ் எண்டு சொல்லுவாங்க. பன்ச் ஃபேஸ்ல மூக்கு உள்ள அமுங்கி கண்ணுக்கு நேரா இருக்கும். என்னக் கேட்டா டோல் ஃபேஸ்தான் எடுக்கச் சொல்லுவன், மூக்கு கொஞ்சம் நீண்டிருந்தா மூச்சு விட லேசு, கண்ணுல தண்ணியும் குறைவு. மூக்கு ஓட்டை ஒடுங்கி, சும்மா இருக்கக்குள்ளயும் கர் கர் எண்டு மூச்சுச் சத்தம் கேட்டா அந்தக் குட்டி வேணாம். மறுகா இந்த இனத்துக்குப் பரம்பரையா வாற கிட்னி வருத்தம் ஒண்டு இருக்கு, கிட்னியில நீர்க்கட்டி வந்து வயசு போகப் போகப் பெருக்கும், தாய் தகப்பன்ல ஒண்டுக்கு இருந்தாலே குட்டிக்கு வாறதுக்கு பாதிக்குப் பாதி சான்ஸ், அதால தாய் தகப்பனுக்கு ஸ்கேன் எடுத்ததா எண்டு கட்டாயம் கேளுங்க.

இனி முடி. இதுலதான் எல்லாமே இருக்கு. பல்லு அகலமான ஸ்டீல் சீப்பு ஒண்டு வாங்குங்க, மேல்முடிய மட்டும் தடவுற பிரஷ்ஷ நம்பாதீங்க, மேல வடிவா இருக்கும் அடியில சடை பிடிச்சிருக்கும். காதுக்குப் பின்னால, முன்னங்காலுக்கு அடியில கக்கம், வயிறு, பின்தொடை, இந்த நாலு இடமும்தான் முதல்ல சிக்காகும். சிக்கு கண்டா இழுக்க வேணாம், ஒரு கையால முடிய வேருக்குக் கிட்ட, தோலுக்கும் சிக்குக்கும் நடுவுல இறுக்கிப் பிடிச்சா தோல் இழுபடாது, கொஞ்சம் கோன்ஃப்ளவர் தூவி விரலால பிரிச்சு, நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமாச் சீவி உள்ள போங்க. கத்தரிக்கோல் மட்டும் வைக்காதீங்க, பூனைட தோல் மெல்லிசு, சிக்கோட சேந்து மேல எழும்பி நிக்கும், முடி எண்டு நினைச்சுத் தோல வெட்டிருவீங்க. முழுக்கச் சடையாப் போனா டொக்டர்ட்டக் கொண்டுபோய் மெஷினால எடுங்க.

குளிப்பாட்டுறதுக்கு முதல் சீவி முடிக்கணும், சிக்கோட தண்ணி பட்டா இன்னும் இறுகும். மாரி மழைக்குள்ள குளிப்பாட்டினா அடிமுடி காயவே காயாது, ஈரத்தோட விடாதீங்க, துவாயால ஒத்தி எடுத்து ஹெயார் ட்ரையர இளஞ்சூட்டுல பிடிங்க. வட்டமா முடி கொட்டிச் செதில் மாதிரி தெரிஞ்சா அது படர்தாமரையா இருக்கலாம், பேர்சியனுக்கு அடிக்கடி வாறது, பிள்ளைகளுக்கும் தொத்தும், கெதியாக் காட்டுங்க.

கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்லதான் பெரிய கவனம் வேணும். சப்பை மூக்கால சூட்ட வெளிய விடுறது கஷ்டம். பகல்ல தகரக் கூரைக்குக் கீழ அடைச்சு வைக்காதீங்க, டைல்ஸ் தரை, ஃபேன், ரெண்டு மூணு இடத்துல அகலக் கோப்பையில தண்ணி, கரண்ட் போனா கதவு ஜன்னல் திறந்து காத்து வர விடுங்க. வாயத் திறந்து நாய் மாதிரி இளைச்சுதெண்டா அவசரம், உடம்ப சாதாரணத் தண்ணியால நனைச்சு, ஐஸ் வேணாம், ஃபேனுக்குக் கீழ வச்சு உடன டொக்டர்ட்ட ஓடுங்க.

கண்ண ஒவ்வொரு நாளும், கொதிக்க வச்சு ஆறின தண்ணியில பஞ்ச நனைச்சுத் துடைங்க, ஒவ்வொரு கண்ணுக்கும் வேற வேற பஞ்சு. மஞ்சளாப் பீளை வந்தா, கண்ணச் சுருக்கினா, வீட்டுல மிஞ்சிக் கிடக்கிற மனுசர்ட கண் மருந்த விடாதீங்க, சிலதுல ஸ்டீரொய்ட் இருக்கும், கண்ணுல புண் இருந்தா அது மோசமாக்கிரும்.

சாப்பாடு எண்டா நம்மூர்ல மீன்தான், ஆனா மீன் மட்டும் போதாது. பச்சை மீன் தொடர்ந்து குடுத்தா சில மீன்கள் உடம்புல விற்றமின் பி1ஐ அழிச்சிரும், அவிச்சு முள் எடுத்து இடைக்கிட குடுங்க, அன்றாடத்துக்கு டோரின் எண்ட, பூனைக்குக் கட்டாயம் வேணுமான சத்துச் சேத்த பூனைத் தீன்தான் (கெட் ஃபூட்) வேணும். வெங்காயம், உள்ளி போட்ட கறி, சொதி கூடவே கூடாது. அம்மம்மாமார் பாவம் எண்டு பால் ஊத்துவாங்க, கனக்கப் பெரிய பூனைகளுக்கு அது வயித்தால போகும், பின்முடியெல்லாம் ஒட்டி அதக் கழுவுறது பெரிய வேலை. ஒரு நாளைக்கு மேல ஒண்டுமே சாப்பிடாட்டி காத்திருக்காதீங்க, ஈரலக் கெடுத்திரும்.

காய்ச்சல் எண்டு பனடோல் குடுத்திராதீங்க, ஒரு குளிசையே பூனையக் கொல்லும். நாய்க்கு உண்ணிக்குப் பூசுற பேர்மெத்ரின் மருந்தும் அப்பிடித்தான்.

வீட்டுக்குள்ளயே வளருங்க, ஆனாலும் விசர்நோய் ஊசியத் தவற விடாதீங்க. மிருக வைத்தியர்ட்டப் போறதெண்டா வெயில் ஏற முதல், காத்துப் போற கூடையில அடியில ஈரத்துணி விரிச்சு, காலம வெள்ளண ஓட்டோவுல கொண்டு போங்க.