கொழும்பில் கோழிக்கூடு: காற்றோட்டத்திலும் அடையும் கம்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூட்டில் வாடை கிளம்பியதும் சுண்ணாம்பு தூவுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். அது வாடையைக் கூட்டவே செய்யும். கோழி எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது அமோனியா உண்டாகிறது. ஈர எச்சத்தின்மேல் சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ விழுந்தால் காரம் ஏறி, அதுவரை ஈரத்தில் கரைந்து கிடந்த அமோனியாவும் வாயுவாகக் கிளம்பும். பினாயில் கரைத்து ஊற்றினால் ஈரம்தான் கூடும். எச்சமும் கீழே பரப்பிய உமியும் காய வேண்டும். அவற்றைக் காய வைப்பது காற்று.

கொழும்பில் வெயிலைவிட ஈரப்பதன்தான் கோழியை அதிகம் வாட்டுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இளைத்து, மூச்சோடு ஈரத்தை வெளியே விட்டுத்தான் உடம்பைக் குளிர்விக்கும். சுற்றியுள்ள காற்றே ஈரமாக இருந்தால் அந்த ஈரம் லேசில் ஆவியாகாது. 30 பாகை செல்சியஸை ஒட்டியே இளைக்கத் தொடங்கும் கோழி, கூட்டுக்குள் காற்று நின்றுபோனால் இரவு பத்து மணிக்கும் வாயைத் திறந்தபடி இருக்கும். தீன் எடுப்பது குறையும். இப்படித் தொடர்ந்து மூச்சிரைத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து முட்டை ஓடும் மெலியும்.

இந்தச் சிக்கலுக்கு இணையத்தில் தேடினால் கிடைக்கும் கூட்டு வரைபடங்களில் பல பனி கொட்டும் நாடுகளுக்கானவை. நாலு பக்கமும் பலகை, கூரையடியில் இரண்டு சின்னத் துவாரம், கால்விரல் உறையாமல் மூடி உட்கார நாலு அங்குல அகலக் கட்டை என்று அவை சொல்லும். கொழும்பில் ஜனவரி விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. இரவுக் காற்று படக்கூடாது என்ற கட்டளை இங்கே பொருந்தாது. வளர்ந்த கோழிமேல் காற்று படலாம், மழைச்சாரல் படக்கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்தால் மிச்ச முடிவுகள் சுலபம்.

மதிலோடு ஒட்டிக் கட்டுவது

6 பேர்ச், 8 பேர்ச் போன்ற சின்னக் காணியில் வீடு போக எஞ்சுவது பின்பக்க மதிலோரம்தான். செலவு மிச்சம் என்று மதிலையே கூட்டின் பின்சுவராக்கி, முன்பக்கம் மட்டும் கம்பி வலை அடிப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த கூட்டுக்குள் காற்று நுழையாது, வாசலிலேயே சுழன்று திரும்பிவிடும். பகல் முழுதும் வெயில் குடித்த சீமெந்து மதில் இரவில் அந்தச் சூட்டைக் கோழிகளின் முதுகுப்பக்கம் விட்டுக்கொண்டும் இருக்கும்.

மதிலிலிருந்து இரண்டு, முடிந்தால் மூன்று அடி தள்ளிக் கட்டுங்கள். அந்த இடைவெளி கூட்டுவதற்கும் எலி வளை பார்ப்பதற்கும் உதவும். கூட்டின் நீளப் பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். அப்போது காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டும் விழும். தெற்குப் பக்கம் கூரை தாழ்ந்தும் வடக்குப் பக்கம் உயர்ந்தும் ஒற்றைச் சரிவாக இருந்தால், மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்றின் சாரல் தாழ்ந்த இறவாரத்தில் தடைப்படும். உள்ளே சூடான காற்று மேலேறி உயர்ந்த பக்கத்தால் வெளியேறும். தாழ்ந்த பக்கம் 6 அடி, உயர்ந்த பக்கம் ஏழரை அடி இருந்தால் போதும். தெற்கு இறவாரம் சுவரைத் தாண்டி மூன்று அடி வெளியே நீளட்டும். ஓரடி இறவாரம் வைத்துவிட்டு மழை அடிக்கிறதென்று பிறகு பலகை அறைவதுதான் பல கூடுகள் பெட்டியாக மாறுவதற்குக் காரணம்.

தகரக் கூரையின் மேல் கிடுகு பரப்பினால் மத்தியானச் சூடு நன்றாகக் குறையும். வெயில் தலைக்கு நேரே நிற்கும் ஏப்ரலில் இந்த வேறுபாடு கை வைத்தாலே தெரியும். தெளிந்த இரவுகளில் வெறுந்தகரத்தின் அடியில் நீர் கோத்து உமியில் சொட்டுவதும் நிற்கும்.

சுவரைப் பொறுத்தவரை, தரையிலிருந்து ஒன்றரை அடி வரை பலகை அல்லது கல், அதற்கு மேல் கூரை வரை வலை. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்று சொல்லப்படும் கணக்கைக் கொழும்பில் ஆகக்குறைந்த எல்லையாக மட்டும் எடுங்கள். இரண்டு நீளப் பக்கங்களையும் முழுதாகத் திறந்து வைப்பதே நல்லது.

வலை வாங்கும்போது அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலையை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே நிறுத்தும், கீரியையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டட் மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த உறுதியான வலை வேண்டும். பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளில் சுருளிலிருந்து வெட்டித் தருவார்கள். கீழே ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள், அல்லது வெளிப்பக்கமாகத் தரையில் விரித்துக் கல் வையுங்கள்.

படங்கை மேலிருந்து தொங்கவிடுவது

மழைக்குப் படங்கு கட்டுவதில் தவறில்லை, கட்டும் விதத்தில்தான் தவறு. மேலே ஆணியடித்துக் கீழே தொங்கவிட்டால் கூரையடி முதலில் அடைபடும். சூடும் ஈரமும் அமோனியாவும் வெளியேறுவது அந்த வழியால்தான். படங்கின் கீழ் விளிம்பைப் பலகையில் அறைந்து, மேல் விளிம்பைக் கயிற்றால் இழுத்து ஏற்றும்படி செய்யுங்கள். முழுதாக ஏற்றினாலும் கூரைக்குக் கீழே ஓரடி திறந்தே இருக்கட்டும். மழை விட்டதும் இறக்கிவிட வேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைக்கு ஏற்றிய படங்கை விடியும்வரை அப்படியே விட்டால், ஓர் இரவின் ஈரம் முழுதும் உமிக்குள் இறங்கிவிடும்.

நுளம்பு வலையும் இதே போலத்தான். கோழி அம்மையை நுளம்பு பரப்பும் என்பது உண்மை. அதற்காகக் கூட்டைச் சுற்றி நுளம்பு வலை அடித்தால், சிறகுத் தூசும் உமித் தூசும் கண்களில் படிந்து கொஞ்ச நாளில் அது துணிச்சுவர் ஆகிவிடும். அடிப்பதென்றால் கழற்றிக் கழுவும் சட்டங்களில் அடியுங்கள், கிழமைக்கொரு முறை தண்ணீர் பீய்ச்சுங்கள். அதைவிட, அம்மைத் தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரிடம் கேட்பதும், கூட்டைச் சுற்றித் தேங்கும் நீரை அகற்றுவதும் பயனுள்ளவை.

மின்விசிறி வைப்பவர்கள் அதை உள்ளே பார்த்தபடி தொங்கவிடுகிறார்கள். பழுதான காற்று உள்ளேயே சுற்றும். உயர்ந்த பக்கத்தில் வெளியே தள்ளும்படி வையுங்கள். தூசு படிந்த மோட்டார் தீப்பிடிக்கும், அடிக்கடி துடையுங்கள்.

அடையும் கம்பு

காற்றுக்கு இத்தனை பார்ப்பவர்கள்கூட, கோழி இரவில் ஏறி உறங்கும் கம்பைக் கடைசியில், கையில் கிடைத்த தடியைச் செருகி முடித்துவிடுகிறார்கள். ஒரு நாளின் எச்சத்தில் ஏறத்தாழப் பாதி இரவில், இந்தக் கம்புக்குக் கீழேதான் விழுகிறது. ஆகவே கூட்டில் காற்று அதிகம் வேண்டிய இடமும் இதுதான்.

முதல் தவறு நீளத்தில். குளிர் நாட்டில் கோழிகள் ஒன்றையொன்று ஒட்டி அமரும், அங்கே ஒன்றுக்கு 8 அங்குலம் காணும். இங்கே சிறகை உடம்பிலிருந்து விலக்கிச் சூட்டை விட இடம் வேண்டும். ஒன்றுக்கு 10 முதல் 12 அங்குலம் கணக்கிடுங்கள். எட்டுக் கோழிக்கு எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள கூடென்றால், நீளவாக்கில் ஒரே ஒரு எட்டடிக் கம்பு, அவ்வளவுதான். நடுவில் ஒரு தாங்கி கொடுங்கள், இல்லாவிட்டால் கம்பு தொய்யும். தொய்ந்தால் எல்லாம் நடுவுக்குச் சரிந்து ஒன்றையொன்று கொத்தும்.

அடுத்தது உயரம். ஏணி போல மூன்று நாலு படி வைத்தால் எல்லாக் கோழிக்கும் உச்சிப்படிதான் வேண்டும். அந்தியில் கேட்கும் சண்டை பெரும்பாலும் இதனால் வருவது. தோற்றவை கீழே, மற்றவற்றின் எச்சம் விழும் இடத்தில் உறங்கும். எல்லாக் கம்பையும் ஒரே மட்டத்தில், தரையிலிருந்து இரண்டு அல்லது இரண்டரை அடி உயரத்தில் வையுங்கள். முட்டைக்காக வளர்க்கும் கனத்த லேயர் கோழிகள் அதைவிட உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்கால் வெடித்து, புண்ணாகி, சீழ்க்கட்டி வைக்கும். ஊர்க்கோழிகள் லேசானவை, மூன்றரை அடியும் ஏறும். ஆனால் தலைக்கு மேல் கூரைவரை இரண்டடியாவது விடாமல் கம்பை உயர்த்தாதீர்கள். தகரத்தடியில் தேங்கும் சூட்டில் எந்தக் கோழியும் தூங்காது.

சுவரிலிருந்து 15 அங்குலம் தள்ளி வையுங்கள், வால் உரசாது. இரண்டு கம்பு என்றால் நடுவே ஓரடிக்குக் குறையக்கூடாது. முட்டைப்பெட்டியின் வாசல் கம்பைவிட ஓரடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். பெட்டி உயர்ந்திருந்தால் கோழி அதற்குள்ளேயே அடைந்து, காலையில் முட்டையெல்லாம் எச்சம் பூசிக் கிடக்கும்.

பொருளைப் பற்றி: பிவிசி குழாயும் இரும்புக் குழாயும் வழுக்கும். கோழி இரவெல்லாம் இறுக்கிப் பிடித்தே களைத்துப்போகும். மரக்காலையில் இரண்டுக்கு இரண்டு அங்குலச் சட்டம் வாங்கி, மேல் விளிம்புகள் இரண்டையும் சீவி உருட்டுங்கள். பட்டையோடு கூடிய கிளைகளை வைக்க வேண்டாம். பட்டை வெடிப்பிலும் ஆணித் துளையிலும் சிவப்புச் செள் பகலில் ஒளிந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். இருட்டிய பிறகு டோர்ச் அடித்து, வெள்ளைத் தாளால் கம்பின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் செள் இருக்கிறது. இதற்காகவே கம்பை ஆணியடித்து இறுக்காமல், இரு முனையிலும் காடி வெட்டிய கட்டையில் இருத்த வேண்டும். தூக்கி வெளியே எடுத்து, கொதிநீர் ஊற்றி, வெயிலில் போடலாம்.

கம்புக்கு அரை அடி கீழே இரண்டடி அகலப் பலகை ஒன்றைப் பொருத்தி, அதில் கையளவு உமி தூவி, நாள்தோறும் காலையில் சுரண்டி வாளியில் எடுத்தால் இரவு எச்சம் தரைக்கே போகாது. வாடையைக் குறைக்க இதைவிட மலிவான வேலை கிடையாது.

இருக்கிற கூட்டைத் திருத்துவதென்றால்

விடியற்காலை, கதவைத் திறக்கும் முன், கம்பின் உயரத்துக்குக் குனிந்து மூச்செடுங்கள். நின்றபடி மோந்தால் உண்மை தெரியாது. கண் கரித்தால் கோழிகள் இரவெல்லாம் அதைத்தான் சுவாசித்திருக்கின்றன. அமோனியா மூச்சுக்குழாயிலுள்ள நுண்மயிர்களைக் கெடுக்கும், பிறகு நோய்க்கிருமிக்கு வழி திறந்துவிடும். அடுத்து, உமியை ஒரு பிடி அள்ளிப் பிசையுங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. மெல்ல உதிர்ந்தால் சரி. ஈரம் ஓரிடத்தில் மட்டும் என்றால் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பாருங்கள், அதன் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர வேண்டும்.

பலகையில் புதிய திறப்பு வெட்டும்போது கூரையடியில் உயர்ந்த பக்கத்தை முதலில் வெட்டுங்கள், பிறகு எதிர்ப்பக்கம். கூட்டை இடிக்கவோ மதிலிலிருந்து நகர்த்தவோ முடியாதவர்கள், கூரையை மதிலின் உச்சிக்கு மேலே ஓரடி உயர்த்தி அந்த இடைவெளியில் வலை அடித்தால் பாதி வேலை முடியும்.

இவ்வளவும் செய்து உமி காய்ந்த பின்னும் தும்மல் நிற்கவில்லை, முகம் வீங்குகிறது, மூச்சில் கரகரப்புக் கேட்கிறது, கழுத்து முறுக்குகிறது என்றால் அது காற்றோட்டத்தால் தீராத நோய். அந்தக் கோழியைத் தனியாகப் பிரித்து அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.