தலை பிடிக்கும் கருவி வாங்குவோருக்கு

பத்து விரல்களின் நுனியையும் தலையில் பதியுங்கள். நுனியை வழுக்க விடாமல் கையை முன்னும் பின்னும் அசையுங்கள். முடியோடு சேர்ந்து தலைத்தோலே எலும்பின் மேல் நகர்ந்தால் அது தலை பிடிப்பது. விரல் மட்டும் தோலின் மேல் ஓடினால் அது சொறிவது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சலூன் வைத்திருக்கும் நான் அன்றாடம் கையால் செய்யும் வேலை இது. இப்போது அதற்கென்று கருவிகள் கடைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. வாங்கியவர்கள் என்னிடமே கொண்டுவந்து "அண்ணன், இது நல்லதா?" என்று கேட்கிறார்கள். என் பிழைப்புக்குப் போட்டிதான். கேட்டவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மலிவானது, கைப்பிடியிலிருந்து குடைக் கம்பிகள் போல விரியும் வகை. செம்பு என்று சொல்லி விற்பார்கள். பல நேரங்களில் செம்பு நிறப் பூச்சு மட்டுமே இருக்கும். செம்போ இரும்போ, தலைக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. கம்பி நுனிகளில் உள்ள சிறு மணிகளைப் பாருங்கள். உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் எதுவும் குத்தக்கூடாது. ஒரு மணி உதிர்ந்திருந்தாலும் அந்த நுனி தலையைக் கீறிவிடும். இந்தக் கம்பிகள் தோலை நகர்த்துவதில்லை. முடியின் வேரருகே தொட்டுச் சிலிர்க்க வைக்கும், அவ்வளவுதான். அந்தச் சிலிர்ப்பும் பிறர் கையால் செய்யும்போதுதான் முழுதாகக் கிடைக்கிறது. நம் கை எங்கே தொடப்போகிறது என்பது மூளைக்கு முன்பே தெரிவதால், அந்தத் தொடுகையை அது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். வீட்டில் தனியாக இருப்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்தது உள்ளங்கையில் அடங்கும் சிலிக்கோன் பல் வைத்த பிரஷ். தலைக்குக் குளிக்கும்போது ஷாம்பு நுரையோடு பயன்படுத்துவதற்கு இது போதும். பெருவிரலால் ஒரு பல்லை வளைத்துப் பாருங்கள். வளைந்து உடனே நிமிர்ந்தால் நல்லது. வளையவே மறுத்தால் அது சிலிக்கோன் அல்ல, வெறும் பிளாஸ்டிக். நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறுந்துவிடும் என்பதால் வட்டமாகத் தேய்க்காமல், ஓரிடத்தில் பதித்துச் சற்றே அசைத்து, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். எனக்குப் பிடித்தது இந்த வகைதான். விலையும் குறைவு, கெட்டுப்போக உள்ளே எதுவும் இல்லை.

மின்சாரக் கருவிக்குத்தான் கூடுதலாக யோசிக்க வேண்டும். என் அக்கா கொட்டகலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார். நாள் முழுவதும் கை நீட்டிப் பறித்துவிட்டு வருபவருக்கு, மாலையில் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தேய்க்கத் தெம்பு இருப்பதில்லை. இந்தக் கருவி உண்மையில் அப்படிப்பட்டவர்களுக்கு உரியது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் வாலிபனுக்கு அவசியமே இல்லை. வாங்கும்போது கடைக்காரரோடு விலை பேசி முடிக்கும்வரை கருவியைத் தலையருகே தூக்கிப் பிடித்திருங்கள். பேச்சு முடிவதற்குள் கை கடுத்தால் அதை அங்கேயே வைத்துவிடலாம். கூந்தல் நீளமாக இருந்தால், ஒரே திசையில் சுழலும் முனைகள் உள்ள கருவி வேண்டாம். முடியைச் சுருட்டி இழுக்கும். உள்ளும் புறமுமாகப் பிசையும் வகையைக் கேளுங்கள். நம் வீடுகளில் சில சுவர்களில் வட்ட முள் பிளக்குக்கும் சிலவற்றில் சதுர முள் பிளக்குக்கும்தான் இடம் இருக்கிறது. ஆகவே கைப்பேசி சார்ஜரிலேயே மாட்டக்கூடிய யூ.எஸ்.பி. வயர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் தொல்லையில்லை. பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.7 என்று இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்று பொருள். அந்தக் குறி இல்லாததைக் குளியலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முடி வளரும் என்றும் பெட்டியில் எழுதியிருக்கும். ஜப்பானில் 9 ஆண்கள் தினமும் 4 நிமிடம் வீதம் 24 வாரங்கள் கருவியால் பிடித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. முடி சற்றுத் தடித்தது, எண்ணிக்கை கூடவில்லை. 9 பேரை நம்பி வழுக்கைக்கு மருந்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. உடம்பு தளர்வதற்கு என்று வாங்குங்கள்.

இனிப் பிடிக்கும் முறை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், நம் ஊரில் போத்தல் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அடுப்பில் வைக்காமல், போத்தலைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். விரலில் சில சொட்டுகள் போதும். தலை முழுக்க எண்ணெய் வழிந்தால் கருவி வழுக்கும், தோல் நகராது.

தலையில் மாட்டும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி உச்சி வலிக்கிறது என்று அக்கா உச்சியையே அழுத்திக்கொண்டிருப்பார். உச்சியில் தசை கிடையாது. நெற்றியில் உள்ள தசையையும் பின்தலையில் உள்ள தசையையும் இணைக்கும் அகலமான, கெட்டியான சவ்வுதான் அங்கே இருக்கிறது. இரு பக்கத் தசைகளும் இழுத்தால் நடுவில் இறுகும். எனவே பிடரியில் தொடங்குங்கள். பின்தலை எலும்பு முடியும் இடத்தில், நடுக்கோட்டின் இருபுறமும் இரண்டு பள்ளங்கள் தட்டுப்படும். முழங்கையை மேசையில் ஊன்றி, தலையைச் சற்றுக் குனிந்து, அங்கே கருவியை வைத்து மூச்சை மெதுவாக விடுங்கள். பிறகு காதுக்கு மேலே, நெற்றிப் பொட்டுப் பக்கம் வாருங்கள். பல்லைக் கடித்தால் அங்கே ஒரு தசை புடைப்பது கைக்குத் தெரியும். அது மெல்லுகிற தசை. ஆகவே அங்கே பிடிக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது. இந்த இடத்தில் கருவி குறைந்த வேகத்தில் ஓடட்டும். அடுத்து நெற்றி முடியோரம். உச்சி கடைசியாக வந்தால் போதும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் தோல் எரியும்.

புண், தையல், படர்தாமரை உள்ள தலையில் எந்தக் கருவியும் வேண்டாம். திடீரென்று, இதுவரை அறியாத அளவுக்குத் தலை வலித்தாலோ, வலியோடு கை கால் மரத்தாலோ பேச்சு குழறினாலோ தலை பிடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தலை பிடித்து முடிந்ததும் கழுத்தைச் சொடுக்கிவிடச் சொல்லிக் கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். நான் செய்வதில்லை. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு கழுத்தெலும்புகளின் ஊடாகத்தான் போகின்றன. முறுக்கியதில் அவை கிழிந்து பக்கவாதம் வந்த ஆட்கள் உண்டு.

ஒரே கருவியை வீடு முழுவதும் பயன்படுத்தினால் பேனும் கூடவே போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆளுக்கொரு பிரஷ் வாங்கிவிடுவது மலிவு. கழுவிய பிரஷைக் குளியலறையில் விட்டுவைக்காதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை இங்கே துணியே காய்வதில்லை. பல்லிடுக்கில் பூஞ்சணம் கறுத்துப் பிடித்துவிடும். சவர்க்காரத்தில் கழுவி, உதறி, அடுப்படியில் தணல் சூடு எட்டும் தூரத்தில் கவிழ்த்துத் தொங்கவிடுங்கள். மின்சாரக் கருவியை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டாம். துணியால் துடைத்து அலுமாரியில் வைத்தால் போதும்.