அட்டையின் முதுகில் வந்த வெள்ளைக் கோடு

சொந்தமாக வெளியிடும் என் நாவலின் அட்டை மூன்று மாதிரிப் பிரதிகளிலும் சொதப்பியது. முன்னும் பின்னும் வெள்ளை, முதுகு மட்டும் கருநீலம். அந்த நீலத்தின் இருபுறமும் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது.

வெட்டும்போது நகர்ந்துவிட்டது என்று நினைத்து, நீலத்தை இடமும் வலமும் தள்ளிப் பார்த்தேன். ஒரு பக்கம் மறைந்தால் மறுபக்கம் இரட்டிப்பானது. எழுத்தைச் சிறிதாக்கியதும் வீண். ஒரு வாரம் போனது.

அப்புறம்தான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரு கோடுகளும் ஒரே அகலம், முக்கால் மில்லிமீட்டர். வெட்டு நகர்ந்திருந்தால் ஒரு பக்கம்தான் வெள்ளை தெரியும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் முதுகின் அகலமே தப்பு.

இதற்கிடையில் உள்பக்கங்களுக்கு வெள்ளைத் தாளை விட்டு கிரீம் தாளுக்கு மாறியிருந்தேன். அச்சிடுபவர்களின் கணக்கில் வெள்ளைத் தாளின் தடிமன் பக்கத்துக்கு 0.002252 அங்குலம், கிரீம் 0.0025. என் 240 பக்கங்களுக்கு 0.54 அங்குல முதுகு 0.6 ஆகிவிட்டது. அட்டைக் கோப்போ பழைய கணக்கிலேயே இருந்தது.

புது அகலத்தில் கோப்பை மறுபடி அமைத்தேன். கூடவே நீலத்தைப் பின் அட்டை முழுக்க ஓடவிட்டேன். இனி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் கண்ணில் படாது. நான்காவது பிரதி சுத்தமாக வந்தது. அப்பாடா!